'இடம்' தெரியாமல் இந்தி பேசாதீர்கள்

ராமேஸ்வரத்தில் புதிதாக வழிகாட்டி வேலைக்கு வரும் பிள்ளைகள் வடநாட்டு யாத்ரீகர்களிடம் இந்தி பேசுவதைக் கேட்கிறேன். முன்பு நாங்கள் செய்த தவறுகளே ஒன்று மாறாமல் வருகின்றன. ஆண்பால், பெண்பால் குழப்பத்தை விட்டுவிடலாம். பேசப் பேசச் சரியாகும். வேற்றுமை உருபு அப்படியல்ல, கைக்காசைக் கரைக்கும்.

'இடம்' என்றால் 'சே' என்று முடிவு கட்டுவது

'அவரிடம் கொடுங்கள்', 'அவரிடம் வாங்குங்கள்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு. பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை வினைச்சொல் சொல்லிவிடும். இந்தியில் உருபே மாறும்: 'உன்கோ தீஜியே', 'உன்ஸே லீஜியே'. ஆனால் 'அவரிடம் கேளுங்கள்' என்பதற்கு 'உன்ஸே பூச்சியே' என்று முதலில் படித்தவன், 'சே'யை எல்லா 'இடம்' மேலும் ஒட்டிவிடுகிறான்.

ஒரு பையன் தனுஷ்கோடிக்கு வேன் பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு, 'பாக்கி டிரைவர் சே' என்று சொல்லி அனுப்பினான். மீதியை ஓட்டுநரிடம் கொடுங்கள் என்பது அவன் நினைப்பு. வினைச்சொல்லை விழுங்கிவிட்டதால், மீதியை ஓட்டுநரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பம் புரிந்துகொண்டது. திரும்பி வந்ததும் ஓட்டுநர் வாடகைக்குக் கை நீட்ட, அவர்கள் சில்லறைக்குக் கை நீட்ட, நடுத்தெருவில் சண்டை. பையனுடைய கமிஷன் போயிற்று. இதைச் சொன்னால் பிள்ளைகள் 'புரிந்துகொள்ள வேண்டியதுதானே' என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் குடும்பம் சரியாகத்தான் புரிந்துகொண்டது!

கொழும்பில் வியாபாரம் செய்து சிங்களம் பழகிய கீழக்கரைப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'எயாட்ட தென்ன' என்றால் அவருக்குக் கொடு. 'எயாகென் கன்ன' என்றால் அவரிடமிருந்து வாங்கு. கேள்வி கேட்பதற்கும் அதே 'கென்'தான்: 'எயாகென் அஹன்ன'. கேட்பது என்பது பதிலை ஒருவரிடமிருந்து வாங்குவது. இந்தி 'சே' போடுவதும் அதனால்தான் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மலையாளமோ தனி வழி. மீன் எடுக்க வரும் கேரள வியாபாரி 'என்னோடு பறஞ்ஞு' என்றால், 'என்னிடம் சொன்னார்' என்று பொருள். கூட வந்தவர் யாரென்று தேடாதீர்கள்.

ஆகவே உருபைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் வினையோடு சேர்த்துப் படியுங்கள். கொடுத்தால் 'கோ', வாங்கினாலும் கேட்டாலும் 'சே'. என்னிடம் பணம் இருக்கிறது என்றால் இரண்டும் இல்லை, 'மேரே பாஸ்'.

'கு' எல்லாம் 'கோ' என்பது

நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் 'முறை', அதாவது உறவுமுறையும் ஒன்று. 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்பது அந்த வகை. தெலுங்கிலும் 'நாகு இத்தரு பில்லலு' என்று 'கு'வே வரும். இந்தியில் 'மேரே தோ பச்சே'. அங்கே 'முஜ்கோ' என்பதன் மறுவடிவமான 'முஜே' வராது. சங்கு விற்பவர்களுக்கு: நூறு ரூபாய்க்கு என்பது 'சௌ ருபயே மேன்'.

ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'கோ'

வேண்டாம். 'ராமேஸ்வரம் ஜானா ஹை' போதும்.