‘போட்டோ எடுக்காதீங்க’ன்னு சொல்லிட்டா அடுத்த நிமிஷம் என்ன பண்ணணும்

காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர் வீட்டுக்கு போயிருந்தேன். முன் ரூம்லயே தறி, பாதி நெய்த சேலை அதுல நிக்குது, ஜன்னல் வெளிச்சம் ஜரிகை மேல விழுந்து அப்படி ஒரு அழகு, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போனை தூக்கிட்டேன். "தம்பி, தறியை மட்டும் எடுக்காதீங்க"ன்னு அவர் சொன்னப்போ ரெண்டு கிளிக் ஆயிடுச்சு. அந்த நொடி எனக்கு வந்தது கோவம்தான், நல்லதா நாலு வார்த்தை எழுதத்தானே வந்திருக்கோம், இவருக்கு என்ன பிரச்சினைன்னு. அப்புறம் உக்காந்து கேட்டா, டிசைன் போட்டவருக்கு காசு குடுத்து, அந்த டிசைனை தறிக்கு சொல்ற ஓட்டை போட்ட அட்டை அடிச்சு, தறியில ஏத்தி, நாள் கணக்கா உக்காந்து நெய்யறாரு, ஒரு போட்டோ வாட்ஸப்ல சுத்துச்சுன்னா இந்த சேலை தறியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே அதே டிசைன் பவர்லூம்ல வந்துடும்னாரு. அன்னையிலிருந்து யாராவது வேணாம்னா நான் பின்பத்துற முறையைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல கை. பேச்செல்லாம் அப்புறம். கேமராவா இருந்தா லென்ஸை தரையை பாத்து இறக்குங்க, முடிஞ்சா மூடியை போட்டுடுங்க, போனா இருந்தா ஸ்க்ரீனை அணைச்சு கையை கீழ விடுங்க. போனை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டே "நான் எடுக்கலையே சார்"னா யாரும் நம்ப மாட்டாங்க, வீடியோ ஓடுதுன்னுதான் நினைப்பாங்க. அடுத்தது, "சரிங்கண்ணே, எடுக்கல. ஒன்னு ரெண்டு எடுத்துட்டேன், இதோ பாருங்க"ன்னு நீங்களே காட்டிடுங்க, அவங்க கேட்டு நீங்க காட்டறதுக்கும் நீங்களா காட்டறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. "ஏன் எடுக்கக் கூடாது, எந்த சட்டத்துல இருக்கு"ன்னு ஆரம்பிச்சா அதோட பேச்சு முடிஞ்சிடும். காரணம் தெரியணும்னா கேமரா இறங்கினப்புறம் கேளுங்க, பெரும்பாலும் சொல்லிடுவாங்க.

அப்புறம் இது யாரோட இடம்னு யோசிங்க, ஏன்னா மிச்சம் எல்லாம் அதைப் பொறுத்துதான்.

கடை, மால், ஹோட்டல், கம்பெனி, கல்யாண மண்டபம், இதெல்லாம் தனியார் இடம். உள்ள போட்டோ வேணாம்னு சொல்ல ஓனருக்கு முழு உரிமை இருக்கு, வெளிய போங்கன்னு சொன்னா போயிடணும், சொன்னப்புறமும் நின்னா அத்துமீறி நுழைஞ்சாங்கன்னு புகார் குடுக்க நீங்களே இடம் குடுத்த மாதிரி. ஆனா செக்யூரிட்டிக்கு உங்க போனை பிடுங்கவோ, பாஸ்வேர்டு கேக்கவோ, கேலரி பூரா நோண்டவோ எந்த அதிகாரமும் கிடையாது. போனை உங்க கையிலயே வச்சுக்கிட்டு அந்த ஒரு படத்தை மட்டும் காட்டுங்க, அழிக்கச் சொன்னா அவங்க கண்ணு முன்னாடி அழிங்க. சில பேர் "கார்டையே ஃபார்மேட் பண்ணு"ம்பாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, அன்னைக்கு காலையிலிருந்து எடுத்த மொத்த வேலையும் அந்த கார்டுலதான் இருக்கும், கல்யாணம் எடுக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். மேனேஜரை கூப்பிடுங்கன்னு அமைதியா சொல்லுங்க, அவர் வந்தா பாதி பிரச்சினை முடிஞ்சிடும்.

அழிக்கறேன்னு ஒத்துக்கிட்டா நிஜமாவே அழிச்சிடுங்க. ஐபோன்ல அழிச்ச படம் 30 நாள் வரைக்கும் தனி ஆல்பத்துல கிடக்கும், கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படம்னா குப்பைத்தொட்டியில 60 நாள் இருக்கும், அதையும் சேத்து காலி பண்ணணும். சொன்ன வார்த்தையை பாதியோட நிறுத்தக் கூடாது, அந்த நெசவாளர் முன்னாடி நான் குப்பைத்தொட்டியையும் திறந்து காட்டி அழிச்சப்பதான் அவர் முகமே மாறுச்சு.

ராணுவம், அணுமின் நிலையம், கடற்படை விமான தளம், இதெல்லாம் வேற கணக்கு. மாமல்லபுரம் போறவங்க அப்படியே கல்பாக்கம் பக்கம் வண்டியை விடுவாங்க, அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளி பக்கம் விமானம் பாக்க ஆசைப்படுவாங்க, கோயம்புத்தூர்க்காரங்களுக்கு சூலூர் விமானப்படை தளம். 1923லயே வந்த அலுவலக ரகசியச் சட்டத்துல தடை செய்யப்பட்ட இடம்னு ஒரு வகை இருக்கு, அங்க வரைபடம்னு சட்டம் சொல்றதுல போட்டோவும் அடங்கும். அதனால போர்டு இருக்கான்னு தேடறதை விட முள்வேலி, காவல் கோபுரம், சீருடை கண்ணுல பட்டாலே போனை பாக்கெட்ல போட்டுடுங்க. இங்க யாராவது நிறுத்தினா ஓடாதீங்க, அவசரமா எதையும் அழிக்காதீங்க, அழிச்சா மறைக்கறீங்கன்னுதான் தோணும். அடையாள அட்டையை குடுங்க, எங்க தங்கியிருக்கீங்க, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா உள்ளதை சொல்லுங்க. போலீஸ் போனை எடுத்துக்கிட்டா அதுக்கு எழுத்துல ஒரு பேப்பர் கேளுங்க, வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லிடுங்க, விஷயம் பெருசாச்சுன்னா வக்கீல் இல்லாம எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

விமானத்துலயும் இது உண்டு. கோவா டபோலிம், புனே, சண்டிகர், லே மாதிரி ஊர்ல பயணிகள் விமானம் இறங்கற ரன்வே ராணுவத்தோடது, அங்க ஜன்னல் வழியா எடுக்கக் கூடாதுன்னு அறிவிப்பாங்க, அந்த நேரம் ரீல்ஸ் போடணும்னு தோணினா ஊருக்கு போய் போட்டுக்கலாம். ஓட்டுச்சாவடிக்குள்ள போய் ஓட்டு போடறதை எடுக்கறதும் வேணவே வேணாம், ஓட்டு ரகசியம்ங்கறது எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு.

கோயில்தான் நிறைய பேருக்கு மனவருத்தம் வர்ற இடம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் அந்த வருஷமே செல்போனை உள்ள விடறதை நிறுத்திட்டாங்க. திருச்செந்தூர் கோயில் சம்பந்தமா போட்ட வழக்குல 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை தமிழ்நாட்டுல இருக்கற கோயில்கள்ல செல்போனுக்கு தடை போடச் சொல்லி அறநிலையத்துறைக்கு உத்தரவு குடுத்துச்சு. சாமியை எடுக்கறது ஆகமத்துக்கு விரோதம்ங்கறது மட்டும் இல்ல, நகை, சிலை பாதுகாப்பும் அந்த வழக்குல பேசப்பட்டுச்சு, சாமி கும்பிட வர்ற பெண்களை அவங்களுக்கு தெரியாமலே படம் எடுக்கறாங்கங்கறதும் பேசப்பட்டுச்சு. எனக்கு அந்த கடைசி காரணம் ஒன்னே போதும். கண்ணை மூடி அழுதுக்கிட்டு வேண்டிக்கிட்டு நிக்கற ஒரு அம்மாவோட முகம் யாரோ ஒருத்தரோட ஸ்டேட்டஸ்ல போறதுக்கு இல்ல.

செய்ய வேண்டியது சிம்பிள். போனை லாட்ஜ்லயோ வண்டியிலயோ விட்டுட்டு போங்க, இல்லன்னா வாசல்ல குடுத்து டோக்கன் வாங்கிக்கோங்க, கூட வந்தவங்கள எந்த இடத்துல சந்திக்கறதுன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, ஏன்னா உள்ள போன் அடிச்சு கூப்பிட முடியாது. கூட வந்த பெரியவங்க சட்டைப் பையில ஒரு நம்பரை எழுதி வச்சுடுங்க. அர்ச்சகர் வேணாம்னு கை காட்டினா அந்த இடத்துல வாக்குவாதம் வேணாம். சிற்பம், கல்வெட்டுன்னு நிஜமாவே ஆய்வுக்கு வேணும்னா செயல் அலுவலர்கிட்ட முன்னாடியே கடிதம் குடுங்க, எந்த மண்டபம், எந்த தூண், எத்தனை மணி நேரம், எதுல வெளியிடப் போறீங்கன்னு தெளிவா எழுதுங்க. தொல்லியல் துறை பாக்கற இடங்கள்ல வெளிப்புறத்தை சாதாரணமா எடுக்க விடுவாங்க, ஆனா ட்ரைபாட் விரிச்சாலே அனுமதி கடிதம் எங்கன்னு கேப்பாங்க. தஞ்சை பெரிய கோயில் கருவறையை சுத்தின நடைபாதையில 1931ல வெளிய தெரிஞ்ச சோழர் ஓவியங்கள் இருக்கு, பொதுமக்களை அங்க விடறதே இல்ல, அதுக்காக காவலர்கிட்ட காசு குடுத்து உள்ள போகலாமான்னு தயவு செஞ்சு கேக்காதீங்க, பேரம் பேச வேண்டிய பொருளா அது?

இடம் எதுவா இருந்தாலும் மனுஷங்க வேணாம்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரி வார்டு, பிரசவ அறை, சாவு வீடு, பசங்க விளையாடற பள்ளிக்கூட மைதானம். ஒருத்தரோட அந்தரங்க உறுப்பை சம்மதம் இல்லாம படம் எடுத்தா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவுல 3 வருஷம் வரைக்கும் சிறை, 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட விழலாம், தனிமையில இருக்கற பெண்ணை ஒளிஞ்சு எடுத்தா 2024 ஜூலையிலிருந்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 77வது பிரிவு பாயும். இதுல மாட்டறவங்களுக்கு நான் எந்த யோசனையும் சொல்ல வரல. நான் சொல்றது, நல்ல எண்ணத்தோட எடுக்கறவங்களுக்கு. எதிர்ல இருக்கறவர் முகத்தை திருப்பிக்கிட்டாலே அது வேணாம்னுதான் அர்த்தம், வாயால சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ட்ரெயின்லயோ பஸ்லயோ சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கும் இதே மரியாதைதான்.

வேணாம்னதுக்கு அப்புறமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு, நிறைய பேர் அதை கேக்காமலே வெளிய வந்துடறாங்க: "வேற எதை எடுக்கலாம்?" இதை பணிவா கேட்டா கடைக்காரரே வாசல் போர்டை எடுத்துக்கோங்கம்பாரு, கோயில் அலுவலகத்துல கோபுரத்தை எந்தப் பக்கமிருந்து எடுத்தா நல்லா வரும்னு சொல்லுவாங்க. காஞ்சிபுரத்துலயும் அதைத்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, கையை எடுத்துக்கோங்க, மிதிகட்டையில இருக்கற காலை எடுத்துக்கோங்க, டிசைன் மட்டும் வரக் கூடாதுன்னாரு. நாடாவை, அதாவது ஊடு நூலை குறுக்க கொண்டு போற கட்டையை, ஓட்டற அந்த கையை பதினோரு படம் எடுத்தேன், ஒவ்வொன்னையும் பெருசு பண்ணி காட்டினேன், ரெண்டுல பார்டர் ஓரம் தெரியுதுன்னாரு, அழிச்சேன். சேலை கடைக்கு போனதும் கூப்பிடறேன்னு நம்பர் வாங்கிக்கிட்டாரு, ரெண்டு மாசம் கழிச்சு கூப்பிட்டாரு.