இரண்டு பாடங்களைக் கோத்துப் படிப்பது எப்படி?

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒளிச்சேர்க்கையையும் சுவாசித்தலையும் தனித்தனியாகக் கேட்டால் கடகடவென்று சொல்வாள். ஒன்றில் வெளிவரும் ஆக்சிஜன் இன்னொன்றில் எங்கே போகிறது என்று கேட்டால் திருதிருவென விழிப்பாள். இரண்டையும் சில வாரங்கள் தள்ளித் தள்ளிப் படித்திருந்தாள்.

2016இல் அமெரிக்காவில் அல்சினோ சில்வா என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழுவினர் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். 5 மணி நேர இடைவெளியில் இரண்டு புதுப் பெட்டிகளைப் பார்த்த எலிக்கு, நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இரண்டு நினைவுகளுக்கும் பொதுவான நரம்புச் செல்கள் அதிகம். 7 நாள் இடைவெளி விட்டால் அவை குறைவு. இரண்டாவது பெட்டியில் ஷாக் கொடுத்தால், 5 மணி நேரம் முன்பு பார்த்த, ஷாக்கே வாங்காத பெட்டியிலும் எலி பயந்து உறைந்தது! காரணம், இப்போது வேலை செய்த செல் சில மணி நேரம் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கும். அடுத்து வரும் நினைவிலும் அதுவே சேர்ந்துகொள்ளும்.

எலிக்கு நடப்பது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்படிச் செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு ஏ4 தாளின் இடப்பக்கம், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தை வரைய வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதே தாளின் வலப்பக்கம், செல்லில் சுவாசித்தல் நடக்கும் மைட்டோகாண்ட்ரியா. நடுவே சிவப்புப் பேனாவில் ஆக்சிஜனுக்கும் குளுக்கோஸுக்கும் அம்புக்குறிகள். அம்புகளை அவளே போட வேண்டும், அதுதான் முக்கியம். மறுநாள் காலை தாளைப் பார்க்காமல் அம்புகளை மட்டும் கேளுங்கள்.

மைட்டாசிஸ், மியாசிஸ் என்ற இரண்டு செல் பிரிதல்கள் மாதிரி குழப்புகிற ஜோடியை மட்டும் நான் வேறு வேறு நாளில் வைக்கிறேன்.