விற்பவருக்குக் கடிதம் எழுதுமுன்

அமெரிக்காவில் ஒரே வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது, தாம் தர முன்வரும் விலையுடன் விற்பவருக்கு ஒரு கடிதத்தையும் சிலர் இணைப்பதுண்டு. அதில் குடும்பப் படத்தையோ, “இக்கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைப்போம்” என்பது போன்ற வரியையோ சேர்க்காதீர்கள். மதம், இனம், பிள்ளைகள் இருப்பது ஆகியவற்றைக் கொண்டு வாங்குபவரைத் தேர்ந்தெடுப்பதை 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் அதன் திருத்தங்களும் தடுப்பதால், இத்தகைய கடிதங்களை வாங்கவே வீட்டு விற்பனை முகவர்கள் பலர் தயங்குகிறார்கள். ஓரிகன் மாநிலம் இவற்றைத் தடுக்க 2021இல் சட்டமே இயற்றியது. மறு ஆண்டே கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆகவே முதலில் முகவரிடம் கேட்டுவிட்டு, அரைப் பக்கத்துக்குள் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: சமையலறைச் சன்னலோர எலுமிச்சை மரம், விற்பவர்களே இழைத்து மெருகேற்றிய ஓக் மரத்தரை. வங்கி கடன் தர முன்கூட்டியே ஒப்புதல் அளித்திருப்பதையும், அவர்கள் காலிசெய்ய வசதியான தேதிக்கு நீங்கள் இசைவதையும் தர முன்வரும் விலையைத் தெரிவிக்கும் ஆவணத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.