தரவு கைக்கு வருமுன்பே நேரும் ஆய்வுத் தவறுகள்

சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை நாடுவது, பெரும்பாலும் அவரைப் பிணக்கூறாய்வு செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும் என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-இல் கூறினார். நலவியல், கல்வியியல், சமூகவியல், சூழலியல் என எந்தத் துறையிலும் புதிதாக ஆய்வில் இறங்குவோர் அஞ்சுவது கணக்கீட்டுப் பிழைக்குத்தான். ஆனால் கணக்கீட்டுப் பிழையை ஒரே மாலையில் திருத்திவிடலாம். திட்டமிடும்போது நேர்ந்த பிழையோ, திரட்டிய தரவு முழுவதிலும் ஊறிப்போய்விடுவதால், அதை எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘தாக்கம்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை வினாநிரல் கொடுத்து விடை வாங்கி முடித்துக்கொள்ளும் ஆய்வேடுகள் ஏராளம். கைப்பேசியை அதிக நேரம் பயன்படுத்தும் மாணவர்களுக்குத் தூக்கம் குறைவு என்று தெரியவந்தால், கைப்பேசி தூக்கத்தைக் கெடுத்ததா, தூக்கம் வராதவர் கைப்பேசியைக் கையில் எடுத்தாரா, இரண்டுக்கும் பின்னால் தேர்வுக் கவலை இருந்ததா என்பதை ஒரே நாளில் வாங்கிய விடைகள் பிரித்துக் காட்டமாட்டா. ‘தாக்கம்’ என்பதைத் ‘தொடர்பு’ என்று மாற்றினால் தலைப்பின் மிடுக்குச் சற்றுக் குறையும். ஆனால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கும்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறன்று. மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்வோருக்கு இதயநோய் குறைவு என்று பல நோக்கீட்டு ஆய்வுகள், அதாவது யாருக்கு என்ன சிகிச்சை என்பதை ஆய்வாளர் முடிவு செய்யாமல், நடப்பதைக் கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வுகள், காட்டின. அந்த நம்பிக்கையில் மருத்துவர்களும் அதைப் பரிந்துரைத்தனர். அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது, இதயநோய் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடியது. மார்பகப் புற்றுநோயும் கூடியதால் 2002-இல் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முந்தைய ஆய்வுகளில் தாமாகவே மாத்திரையை நாடிய பெண்கள், நாடாதவர்களைவிட வசதியும் படிப்பும் உடல்நலப் பேணலும் மிகுந்தவர்களாக இருந்தது இந்த முரணுக்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

என் பார்வையில், மிகுதியாக நேர்ந்தும் மிகக் குறைவாகப் பேசப்படும் தவறு, எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு வகுப்புக்குப் புதிய கற்பித்தல் முறை, மற்றொரு வகுப்புக்குப் பழைய முறை, வகுப்புக்கு 30 பேர் என்று ஒருவர் திட்டமிட்டால், ஆய்வேட்டில் மாதிரி அளவு 60 என்று எழுதுகிறார். உண்மையில் ஒப்பிடப்படுபவை இரண்டே வகுப்புகள். மதிப்பெண் வேறுபாடு முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. வகுப்புகளை 20 ஆக்கி, மாணவர்களை 600 ஆக்கினாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ஒரே வகுப்பில் இருப்போர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை அளக்கும் உள்வகுப்பு ஒட்டுறவு 0.2 என்று கொண்டால், வகுப்பு அளவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் 29-ஐ 0.2-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 6.8 வரும். 600-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது சுமார் 88; அதாவது 600 மாணவர்கள் தரும் தகவல், ஒருவரையொருவர் சாராத சுமார் 88 பேர் தரும் தகவலுக்கே ஈடு. அறுநூறு விடைத்தாள்களைத் திருத்தியவருக்கு இது கசப்பான எண்தான்.

சூழலியலில் இதே தவறு வேறு உருவில் வரும். ஆலைக் கழிவு கலக்கும் ஒரு குளத்திலிருந்து 30 குப்பி நீர், கலக்காத ஒரு குளத்திலிருந்து 30 குப்பி நீர் என்று எடுத்துவிட்டு, கழிவின் விளைவை நிறுவிவிட்டதாக எழுதுவது அதன் வழக்கமான வடிவம். குப்பிகள் அறுபதானாலும் குளங்கள் இரண்டுதான். அவை ஆழத்தாலோ மண்ணாலோ முன்பே வேறுபட்டிருக்கலாம். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலி மறுசெய்கை என்னும் பொருளில் பெயர் சூட்டினார். அவர் பார்வையிட்ட 176 கள ஆய்வுகளில் கால்பங்குக்கும் மேற்பட்டவற்றில் இத்தவறு இருந்தது.

எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்னும் அலகைக் குழப்பும் இன்னொரு வழி, கூட்டத்தைப் பற்றிய எண்ணைக் கொண்டு தனிமனிதரைப் பற்றி முடிவு சொல்வது. 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950-இல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது; ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தோரிடமே எழுத்தறியாமை சற்று மிகுதி. குடியேறியோர் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களை நாடிச் சென்றிருந்ததே காரணம். மாவட்டவாரியான புள்ளிவிவரம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில், இந்தப் பொறியில் விழுவது முன்னைவிட எளிது.

மாதிரியின் அளவு பெரிதென்றால் அது சரியானது என்று நம்புவதும் பழைய நோய்தான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்து வந்தவை. அதைவிட முக்கியம், அட்டை பெற்றவர்களில் பெரும்பாலோர் விடையளிக்கவே இல்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இணையப் படிவத்தைப் பகிர்ந்து, வந்த விடைகளையெல்லாம் ‘சமவாய்ப்பு மாதிரி’, அதாவது குலுக்கல் முறையில் தேர்ந்த மாதிரி, என்று எழுதுவோர், எத்தனை பேரிடம் கேட்டோம் என்ற எண்ணைக்கூடச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்கள்.

எந்தக் கருதுகோளைச் சோதிக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்காமல், தரவில் பலவற்றைச் சோதித்துப் பார்ப்பதன் விலையை எளிதாகக் கணக்கிடலாம். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை, ஒவ்வொன்றிலும் தவறாக ‘தொடர்பு உண்டு’ என்று வருவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பை ஏற்கும் 0.05 என்ற வரம்பில் செய்தால், குறைந்தது ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வருவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. ஆய்வு அறநெறிக்கு உட்பட்டதா என்று பார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதலும் தொடக்கத்திலேயே பெற வேண்டியது. தரவைத் திரட்டிய பிறகு முன்தேதியிட்டு அதை வாங்க முடியாது.

நடைமுறையில் உதவும் பயிற்சி ஒன்று உண்டு. களத்துக்குப் போகுமுன், ஆய்வேட்டில் இடம்பெறப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் எண் எந்த வினாவுக்கான விடையிலிருந்து வரும், அது மாணவர்களின் எண்ணிக்கையா வகுப்புகளின் எண்ணிக்கையா, விடையளிக்காதோர் எந்தக் கட்டத்தில் வருவர் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டத்துக்கும் போகாத வினாக்களை வினாநிரலிலிருந்து நீக்கிவிடலாம். எந்த வினாவாலும் நிரம்பாத கட்டம் இருந்தால், திட்டத்தை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் திரும்பிப் போவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.