ஆல்கீன், ஆல்கஹால்: மார்க் போகும் இடங்கள்

"கிளிசரால் என்ன வகை ஆல்கஹால்?" என்று டியூஷனில் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "மூவிணைய ஆல்கஹால் சார், மூணு ஓஎச் இருக்கே!" (ஓஎச் என்பது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி, ஆல்கஹாலின் அடையாளம்.) சரி, எத்தனால்? "ஒரு ஓஎச் தானே, ஓரிணையம்." இரண்டாவது பதில் சரி, ஆனால் சொன்ன காரணம் தப்பு. இந்தப் பாடத்தில் அதிகம் மார்க் போவது இங்கேதான்.

ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்பதற்கும் ஓஎச் எத்தனை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஓஎச் உட்கார்ந்திருக்கும் கார்பனைப் பிடியுங்கள். அதோடு நேரடியாகப் பிணைந்த வேறு கார்பன்கள் எத்தனை? அவ்வளவுதான் கணக்கு. கிளிசராலின் இரண்டு ஓரக் கார்பன்களுக்கும் ஆளுக்கு ஒரு கார்பன்தான் பக்கத்தில், நடுவில் இருப்பதற்கு இரண்டு. ஆக ஓரிணைய இடம் இரண்டு, ஈரிணைய இடம் ஒன்று. மூவிணையம் எங்குமே இல்லை. மூன்று ஓஎச் இருப்பதைச் சொல்ல ட்ரைஹைட்ரிக் என்று தனிப் பெயர் உண்டு.

இன்னொரு வகை ஏமாற்றம், பெயரில் உள்ள எண். புரோப்பன்-2-ஆல் ஈரிணையம் என்றதும், '2 வந்தால் ஈரிணையம்' என்று சிலர் மனதில் எழுதிக்கொள்கிறார்கள். 2-மெத்தில்புரோப்பன்-2-ஆலிலும் 2 இருக்கிறது. ஆனால் அது மூவிணையம். வரைந்து பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

இதில் தடுமாறினால் ஆக்சிஜனேற்றமும் சேர்ந்து போய்விடும். அந்தக் கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் மிச்சம் என்பதுதான் அங்கே கேள்வி. ஓரிணையம் ஆல்டிஹைடாகி, அதற்கு மேல் கார்பாக்சிலிக் அமிலமாகவும் போகும். ஈரிணையம் சாதாரணமாகக் கீட்டோனோடு நின்றுவிடும். மூவிணையத்தில் அந்தக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லை, அதனால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. லூகாஸ் சோதனையில் (அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துத்தநாகக் குளோரைடும் சேர்த்துப் பார்ப்பது) வரிசை தலைகீழ்: மூவிணையம் உடனே கலங்கும், ஈரிணையம் சில நிமிடங்கள் எடுக்கும், ஓரிணையம் அறை வெப்பநிலையில் அப்படியே தெளிவாக இருக்கும். எது வேகம் என்று மாற்றி எழுதுபவர்கள் ஏராளம்.

ஆல்கீனுக்கு, அதாவது கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மத்துக்கு வந்தால் மார்கோவ்னிகாஃப் விதி. ஹைட்ரஜன் புரோமைடு மாதிரி ஒன்று சேரும்போது எந்தப் பகுதி எந்தக் கார்பனுக்குப் போகும் என்று சொல்வது அது. 'ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்' என்று மனப்பாடம் செய்துவிட்டு, புரோப்பீனில் மூன்று ஹைட்ரஜன் உள்ள மெத்தில் கார்பனைக் காட்டிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கார்பன் போட்டியிலேயே இல்லை! இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இரண்டு கார்பன்களை மட்டும் ஒப்பிட வேண்டும். புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஓரத்துக்குப் போகும், புரோமின் நடுவில் சேரும், கிடைப்பது 2-புரோமோபுரோப்பேன். பெராக்சைடு இருந்தால் இது மாறி 1-புரோமோபுரோப்பேன் வரும். ஆனால் அது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான். ஹைட்ரஜன் குளோரைடுக்கும் அயோடைடுக்கும் அதே விடையை எழுதினால் மார்க் கிடையாது. பியூட்-2-ஈன் கொடுத்தால் விதியைத் தேடவே வேண்டாம், இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஆல்கீனைக் கண்டுபிடிக்கும் புரோமின் நீர்ச் சோதனையில் ஒரு சின்ன மொழிக் கோளாறு. "கரைசல் வெள்ளையாக மாறும்" என்று எழுதுகிறார்கள். வெள்ளை என்றால் பால் மாதிரி. நடப்பது என்னவோ, ஆரஞ்சு பழுப்பு நிறம் மறைந்து கரைசல் நிறமற்றதாவது. அப்படியே எழுதுங்கள்.

அடர் சல்ஃபூரிக் அமிலத்தோடு எத்தனாலைச் சூடாக்கும்போது வெப்பநிலையைக் கவனியுங்கள். 443 கெல்வினில் எத்தீன், 413 கெல்வினில் எத்தனால் மிகுதியாக இருந்தால் டைஎத்தில் ஈதர். சூடு கூடினால் ஒரு மூலக்கூறு தானே தண்ணீரை இழக்கும், குறைந்தால் இரண்டு சேர்ந்து இழக்கும் என்று வைத்துக்கொண்டால் மாறாது.

பெயரிடும்போது ஓஎச், இரட்டைப் பிணைப்பு இரண்டும் இருந்தால் சின்ன எண் ஓஎச்சுக்குத்தான். புரோப்-2-ஈன்-1-ஆல் சரி, புரோப்-1-ஈன்-3-ஆல் தப்பு.

அப்புறம், ஓஎச் என்று பார்த்ததும் காரம் என்று நினைப்பது. சோடியம் ஹைட்ராக்சைடில் இருப்பது அயனி. ஆல்கஹாலில் ஓஎச் கார்பனோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. எத்தனாலில் லிட்மஸ் தாளை நனைத்தால் நிறம் மாறாது. அந்த ஓஎச் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாக்கும் என்பதுதான் முக்கியம். எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, ஒரே நிறை 46. ஒன்று 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, மற்றது மைனஸ் 24-லேயே கொதித்துவிடும்.

கடைசியாக, ஆல்கஹால் என்றால் சாராயம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே சொன்ன அதே ஆக்சிஜனேற்றம்தான் உடம்புக்குள்ளும் நடக்கிறது. எத்தனால் அசிட்டால்டிஹைடாகி அசிட்டிக் அமிலமாகிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைக் கெடுப்பது அந்த ஃபார்மிக் அமிலம்.