மூடி போட்ட பிறகும் ஈஸ்ட் வேலை செய்கிறது: பீரை பாட்டிலில் அடைக்கும்போது நேரும் தவறுகள்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், இரண்டு வாரம் பொறுமையாக நொதிக்க விடுகிறார்கள். பாட்டிலில் அடைக்கிற அன்றைக்குத்தான் அவசரம் வந்துவிடுகிறது. மூடியை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சர்க்கரையைத் தின்று வாயுவை விடும் ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. பீருக்கு வேண்டிய வாயு உண்டாவதே அங்கேதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஊரில் இருப்பவர்கள் முயல வேண்டாம்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, நாளை எண்ணி அடைப்பது. பதினான்கு நாள் ஆயிற்று, குமிழி வருவதும் நின்றுவிட்டது, சரி, அடைத்துவிடலாம் என்று தோன்றும். குமிழியை நம்பக் கூடாது. சர்க்கரை குறையக் குறைய இறங்கும் அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் என்னும் கருவியில் அளந்து, இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று கொள்ள வேண்டும். அடர்த்தி 1.012-இல் (தண்ணீருக்கு 1.000) நிற்க வேண்டிய பீரை 1.016-இலேயே அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி நான்கு புள்ளியும் (0.004) பாட்டிலுக்குள் நொதித்தால், ஒரு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் வாயு கூடுதலாக உண்டாகும். சாதாரண பீரில் மொத்தமே இரண்டரை லிட்டர் வாயுதான் இருக்கும்.

அது என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் பாட்டில்களை அடுக்கியிருந்தேன். ஒரு நாள் நள்ளிரவில் டமார் என்று சத்தம். காலையில் கதவைத் திறந்தால், விரல் நீளக் கண்ணாடிச் சில் ஒன்று கதவின் உட்புற மரத்தில் குத்தி நின்றது. பகலில் என் மகள் அந்த அலமாரியில்தான் செருப்பு எடுப்பாள். அன்றிலிருந்து இரண்டு முறை அளக்காமல் நான் அடைத்ததில்லை. உங்கள் பாட்டில்கள் மீது சந்தேகம் வந்தால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போட்டுக்கொண்டு, துணி சுற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியை லேசாக நெம்பி வாயுவை வெளியேற்றுங்கள்.

அடுத்தது, பாட்டிலுக்குள் வாயு உண்டாவதற்காக அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை. ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போட்டால் ஒன்று பொங்கும், ஒன்று சப்பென்று இருக்கும். 20 லிட்டர் பீருக்கு 120 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் சுத்தமான வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரை இறக்கி, மெதுவாகக் கலக்குங்கள்.

இறக்கும்போது குழாயின் முனை வாளியின் அடியில் இருக்க வேண்டும். டீ ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றினால் ஆக்ஸிஜன் கலந்து, சில வாரங்களில் நனைந்த அட்டைப் பெட்டியின் வாசனை வரும். பாட்டிலின் கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டால் போதும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அடியில் காய்ந்த மண்டி ஒட்டியிருக்கும் பாட்டிலில் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் பயனில்லை. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாளியின் குழாயைக் கழற்றிக் கழுவாமல் விடுபவர்கள் அதிகம். பழைய பீர் தங்கிப் புளிப்பது அதற்குள்ளேதான். ப்ளீச்சை மிச்சம் வைத்தால் பீரில் மருந்து வாடை அடிக்கும்.

அடைத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொரு தவறு. குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடும், வாயு சேராது. 18 முதல் 22 டிகிரி வரை உள்ள இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். நான் எப்போதும் ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைப்பேன். முதல் நாள் அமுக்கினால் விரல் உள்ளே போகும். பத்து நாளில் கல் மாதிரி இறுகிவிடும். மற்ற பாட்டில்களைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லிவிடும்.

அப்புறம் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைந்து நாற்றமடிக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் அழகுதான், பாதுகாப்பு இல்லை. பழுப்பு பாட்டிலே நல்லது, அதையும் இருட்டில் வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து நின்றால்தான் மண்டி அடியில் படியும்.

வாயு சேர்ந்த பிறகு குளிர்ச்சியான இடம்தான் சிறந்தது, சூட்டில் பீர் சீக்கிரம் பழசாகும். ஐ.பி.ஏ. போன்ற ஹாப்ஸ் மணம் மிகுந்த பீரைச் சேர்த்துவைப்பதில் அர்த்தமில்லை, அந்த மணம்தான் முதலில் போகும். இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். பார்லி வைன் மாதிரி வீரியமான பீர் வகையென்றால் ஒரு வருடம் தாராளமாகக் காத்திருக்கலாம். ஊற்றும்போது ஒரே மூச்சில், பாட்டிலை ஆட்டாமல் சாய்த்து, கடைசி ஒரு விரல் மண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். காலியான பாட்டிலை அப்போதே தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த முறை தேய்க்கிற வேலை பாதியாகும்.