ஆறு நிமிட நடைச் சோதனை: செய்வது எப்படி, முடிவைப் படிப்பது எப்படி

ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சுச் சோதனையில் ஊதிப் பார்த்தால் நுரையீரலின் நிலை மட்டும்தான் தெரியும். நடக்கும்போது இதயம், ரத்தம், கால் தசை எல்லாமே சேர்ந்து உழைக்கின்றன. அதனால்தான் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) போன்ற நாள்பட்ட நுரையீரல் நோயில், ஒருவர் எவ்வளவு காலம் வாழக்கூடும் என்பதைக் கணிக்க நடைதூரம் இவ்வளவு உதவுகிறது. முதன்முறை இதைச் செய்யப்போகும் பிசியோதெரபி, நர்சிங் மாணவர்களுக்கு இந்த விளக்கம்.

1. முதலில் பாதுகாப்பு. கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவருக்கு இப்போது வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

2. தட்டையான, நேரான 30 மீட்டர் தாழ்வாரம் தேவை. இரு முனையிலும் ஒரு கூம்பு வையுங்கள். பாதை குட்டையாக இருந்தால் அடிக்கடி திரும்ப வேண்டிவரும், தூரம் குறைந்துவிடும். டிரெட்மில் இதற்கு மாற்று இல்லை.

3. நோயாளியைச் சற்று நேரம் உட்கார வைத்து நாடி, ஆக்ஸிஜன் அளவு, மூச்சிரைப்பு மூன்றையும் குறியுங்கள். மூச்சிரைப்புக்கு, நோயாளியே எவ்வளவு என்று சொல்லும் 0 முதல் 10 வரையிலான போர்க் அளவுகோல் போதும்.

4. இப்படிச் சொல்லுங்கள்: "ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடங்க. ஓட வேண்டாம். முடியலைன்னா நின்னுட்டு அப்புறம் தொடரலாம்." அவர் நின்றாலும் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகம் அவரை இழுத்துவிடும். ஊக்கமாகப் பேசுவது நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும், எல்லோருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். ஆர்வமாக உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும், அந்த எண்ணை வேறெதோடும் ஒப்பிட முடியாது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். நெஞ்சுவலி, தள்ளாட்டம், முகம் வெளுத்து வியர்ப்பது, ஆக்ஸிஜன் 80 சதவீதத்துக்குக் கீழே போவது: எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

5. மொத்த தூரத்தோடு, ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதுங்கள். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து இன்னொரு முறை நடக்க வையுங்கள். பழகிவிடுவதால் இரண்டாவது முறை பெரும்பாலும் கூடுதலாக வரும். அதிக தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எண் என்ன சொல்கிறது? சிஓபிடியில் 350 மீட்டருக்குக் குறைந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது. 2004இல் வெளியான போட் குறியீடு இந்தத் தூரத்தோடு உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ), மூச்சுக்குழாய் அடைப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றையும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் ஏற ஏற அபாயமும் ஏறும். ஆனால் இது பலரைப் பார்த்துக் கணித்த வாய்ப்பு. எதிரில் இருப்பவரிடம் "உங்களுக்கு இத்தனை வருஷம்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மூட்டுவலிகூட தூரத்தைக் குறைக்கும்.

அடுத்த முறையும் அதே தாழ்வாரத்தில், அதே மாதிரி செய்யுங்கள். சுமார் 30 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ அதைப் பொருட்படுத்த வேண்டிய மாற்றமாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.